விட்டுக்கொடுத்த லீவு

நன்றி சொல்ல வந்தவன் ஒரு குடும்பத்தைக் குலைத்துவிட்டுப் போன கதை இது. அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெள்ளானூர் துலுக்கானம் நல்லவன். நல்லவன் என்பதால்தான் நாலு மைல் வெயிலில் நடந்து, தலையில் தாம்பாளத்தைச் சுமந்துகொண்டு கோவில்பதாகைக்கு வந்தான். கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால், வாங்கிய உதவியை மறந்துவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரிக்கரைக்குக் கீழே இருந்த சேரியில் நாகப்பன் தன் குடிசைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தான். பாலம் கட்டுகிற பட்டாளத்தில் நாலு வருஷம் இருந்து, அதில் இரண்டு வருஷம் இத்தாலியில் கழித்துவிட்டு ஊர் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் பெண்டாட்டி கன்னியம்மாள் கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்தாள். ஆவடி மிலிட்டரி டிப்போவில் ஜல்லி சுமக்கிற சித்தாள் அவள். ஞாயிறு ஒருநாள்தான் அவளுக்கு வீடு.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் ஒருத்தி இருந்திருக்க வேண்டும். பூங்காவனம் என்று பெயர். நாகப்பன் கப்பல் ஏறியபோது மூன்று வயது. போன ஆவணியில் காய்ச்சல் வந்து செத்துப்போனபோது ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. செத்த சேதி இத்தாலிக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் கப்பல் கிடைத்து, பம்பாயில் இறங்கி, கணக்கைத் தீர்த்துக்கொண்டு ஊர் வருவதற்குள் தையே வந்துவிட்டது. வந்த அன்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதோடு குழந்தையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பேசாமல் இருந்ததில் ஒரு ஒட்டுதல் வந்திருந்தது. அவளுக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்காத மனுஷன், வெள்ளைக்காரன் லீவு கொடுக்காமல் கழுத்தறுத்துவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாகப்பன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"அண்ணாத்தே, எறங்கி வா. யாரு வந்துகீறான்னு பாரு" என்று துலுக்கானம் கூப்பிட்டபோது அவன் கையிலிருந்த ஓலை நழுவிக் கீழே விழுந்தது. இறங்கி வருவதற்குள் துலுக்கானம் தாம்பாளத்தைக் கன்னியம்மாளுக்கு எதிரே நீட்டிவிட்டான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், வெல்லம், அதன்மேல் மஞ்சள் தடவிய புதுப்புடவை ஒன்று.

"வாங்கிக்கோ அண்ணி. நான் வெள்ளானூரு. பட்டாளத்துல அண்ணாத்தேகூட ஒரே கம்பெனி. எங்க ஆத்தா கடைசி மூச்சு உட்றப்ப நான் பக்கத்துல இருந்தேன்னா அது ஒம் புருசன் போட்ட பிச்சை."

கன்னியம்மாள் தாம்பாளத்தை வாங்கவில்லை. புரியாமல் நாகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா சொல்ற தம்பி?"

"அண்ணாத்தே சொல்லலியா? அது சொல்லாது. பெரிய மனசு அதுக்கு. போன வருசம் ஊருக்குப் போற லீவு லிஸ்டுல ரெண்டாவது பேரு அண்ணாத்தே பேருதான். எம் பேரு இல்ல. ஆத்தாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு காயிதம் வந்து நான் அயுதுகினு இருந்தேன். நான் கேக்கக்கூட இல்ல அண்ணி. அதுவா வந்து, 'எம் பேருல நீ போடா'ன்னு சொல்லி, தொரகிட்டப் போய் பேர மாத்திக் குட்த்துச்சு. ஆடி கடைசில ஊடு வந்து சேந்தேன். ஆவணி பத்தாந்தேதி ஆத்தா போச்சு. என் கையால பாலு ஊத்தி, கொள்ளி வச்சேன். அந்த நன்றிய எந்தக் காலத்துல தீக்கப் போறேன்."

பேசிக்கொண்டே அவன் குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். "பாப்பா எங்க? போட்டோ வச்சிகினு தெனம் பாத்துகினு கீமே அண்ணாத்தே. பூங்காவனந்தான பேரு?"

நாகப்பன் கீழே விழுந்த ஓலையை எடுக்கக் குனிந்தான். கன்னியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"பூட்டா. ஆவணி மொத வெள்ளி."

துலுக்கானம் விரல்களை மடக்கி நாள் எண்ணவில்லை. எண்ணவேண்டிய அவசியம் இல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவன் வெள்ளானூரில் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாலு மைலுக்கு இப்பால் ஒரு குழந்தை செத்துக்கொண்டிருந்தது, அதன் தகப்பன் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் யாருமில்லை. தாம்பாளத்தைக் கீழே இறக்கப் போனான். கன்னியம்மாள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். வாசலுக்கு வந்த தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அவனுக்கு மோர் கொடுத்து, வெயில் தாழப் போகச் சொன்னாள். அவன் மோரைக் குடித்துவிட்டு, அந்த வெயிலிலேயே, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டான்.

இனி நாகப்பன் மனசுக்குள் கிடந்ததைச் சொல்லிவிடவேண்டும்.

துலுக்கானம் நினைத்தது போல அவன் பெரிய மனசுக்காரன் இல்லை. சண்டை ஓய்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி இத்தாலியின் வடபக்கம் கூடாரம் அடித்திருந்தது. ஊர் போகும் லீவுப் பட்டியலில் பெயர் வந்தவனுக்குக் கப்பல். வராதவனுக்கு அங்கேயே பத்து நாள் லீவு. எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், வண்டி கிடையாது, சோறு தண்ணி அவனவன் பாடு. பூந்தமல்லி அய்யாசாமி என்ற கூட்டாளி, அந்தப் பத்து நாளில் முதுகு மூட்டையோடு ரோமாபுரி வரைக்கும், அதற்கும் கீழே கடலோரம் வரைக்கும் போய்வரத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நாகப்பனுக்கு அந்த ஆசை தொற்றிக்கொண்டது. எப்படியும் தீபாவளிக்குள் எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டு மூன்று மாதத்தில் என்ன கெட்டுப்போகிறது என்று கணக்குப் போட்டான். துலுக்கானத்தின் தாயார் நோய் சாக்காகக் கிடைத்தது. வீட்டுக்கு எழுதும்போது மட்டும் கை கூசியது. பட்டாளத்தில் கற்றுக்கொண்ட கோணல் எழுத்தில், 'துரை எனக்கு லீவு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்' என்று எழுதிப் போட்டான்.

அப்படி என்ன ஆசை என்று கேட்கலாம். நாகப்பன் பிறந்ததிலிருந்து ஆவடியில் டீக்கடைக்கு வெளியேதான் நின்றிருக்கிறான். கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி வைக்கவேண்டும். பட்டாளத்து உடுப்போடு திரும்பி வந்தபிறகும் அதே கொட்டாங்கச்சிதான். அந்தத் தேசத்திலோ அவன் என்ன சாதி என்று கேட்க ஒருவருக்கும் தெரியாது. பாலம் கட்டப் போன இடத்தில் ஒருநாள் ஒரு கிழவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னதை அவன் மறக்கவில்லை. பத்து நாள், யாருடைய உத்தரவும் இல்லாமல், அப்படி நடந்து பார்க்கவேண்டும் என்று இருந்தது. ஊருக்குப் போனால் அது கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும்.

போனார்கள். ஆளுக்கு ஒரு மூட்டை, ஒரு கம்பளி, கொஞ்சம் சாப்பாட்டு டின்னு, நிறைய சிகரெட்டு. சிகரெட்டு கொடுத்தால் அங்கே படுக்க இடம் கிடைத்தது. பட்டாளத்து லாரியைக் கைகாட்டி நிறுத்தித் தொற்றிக்கொண்டார்கள். லாரி கிடைக்காத இடத்தில் நடந்தார்கள். பிளாரன்ஸில் ஆற்றங்கரையில் படுத்தார்கள். ரோமாபுரியில் அந்தப் பெரிய கிறிஸ்தவக் கோயிலுக்குள் நாகப்பன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தான். யாரும் தடுக்கவில்லை. முன்வரிசை வரைக்கும் போனான், அங்கேயும் தடுக்கவில்லை. நேப்பிள்ஸ் பாதி இடிந்து கிடந்தது. அங்கே பசித்த ஜனங்களைப் பார்த்து, இருந்த டின்னில் பாதியைக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் மலையைச் செதுக்கிப் போட்ட பாதையில், ஒரு பக்கம் கடலை வைத்துக்கொண்டு, சொரெண்டோ, அமால்பி, செத்தாரா என்று ஊர் ஊராக நடந்தார்கள். அவன் ஆயுளிலேயே நல்ல நாட்கள் அவை. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

துலுக்கானம் போன பிறகு கன்னியம்மாள் அடுப்பு மூட்டினாள். கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்போடு அவனுக்குப் போட்டாள். அவள் கூச்சல் போட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், அவன் பிழைத்திருப்பான். அவள் எதிரே உட்கார்ந்து, அவன் நாலு வாய் சாப்பிடும்வரை காத்திருந்தாள்.

"அந்த வெள்ளிக்கெயம நீ எங்க இருந்த?"

"கன்னிமா..."

"நாளு தெரியாதுன்னு சொல்லாத. ஜப்பான்காரன் தோத்துட்டான்னு இங்க ஆவடி கேம்புல வாணம் உட்டானே, அது பொதங்கெயம. ஒங்க பக்கமும் அதே நாளுதான் இன்னாமோ பண்ணிருப்பானுங்க. அதுக்கு அப்பால ரெண்டாம் நாளு. எங்க இருந்த?"

அவனுக்கு நன்றாகவே நினைவு இருந்தது. புதன்கிழமை நேப்பிள்ஸில் கோயில் மணிகளை ஓயாமல் அடித்தார்கள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். இனி ஒரு பொய்க்கு அவன் உடம்பில் தெம்பு இல்லை.

"கடலோரத்துல ஒரு ஊரு. செத்தாரான்னு பேரு. நெத்திலி புடிக்கிற ஜனங்க."

"இன்னா பண்ண?"

"மத்தியானம் பசி. ஒரு ஊட்டு வாசல்ல நின்னு தண்ணி கேட்டோம். அந்தப் பொம்பள உள்ள கூப்புட்டுச்சு. நாக்காலி போட்டுச்சு. அதுங்களுக்கே இல்ல, அதுலயும் நெத்திலியும் ரொட்டியும் வச்சிச்சு. அதுங்க துன்ற தட்டுலயே. துன்னுட்டு நான் தட்ட எடுத்துகினு கய்வப் போனேன். அந்தம்மா கையிலிருந்து புடுங்கிகிச்சு. அதுங்க தட்டோட தட்டா போட்டுக் கய்விச்சு." அவன் விரலால் களியைப் பிசைந்தான். "நான் அதப் பாத்துகினே நின்னேன்."

டிப்போவில் கன்னியம்மாளுக்கும் தண்ணீருக்குத் தனிப் பானைதான். அவன் சொன்னது அவளுக்கு விளங்காமல் இல்லை. இந்த உலகத்தில் வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் அவளுக்கு விளங்கும். அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"சந்தோசமா இருந்தியா?"

"இருந்தேன்" என்றான் நாகப்பன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"எனக்கு அப்பிடி ஒரு நாளு கெடச்சிருந்தா நானும் போயிருப்பேன். அதக் கேக்கல. காயிதம் எய்துனியே, அதான். ஆடில வரேன்னு முன்ன எய்துனத நம்பி அவ தெனம் ரயிலு சத்தம் கேட்டா ஓடுவா. அப்பால அந்தக் காயிதம் வந்துச்சு. வாத்தியாரு படிச்சாரு, அவ மடில குந்திகினு கேட்டா. தொர லீவு தரலன்னு. அதுக்குப் பொறவு காய்ச்சல்ல படுத்தாளா, நைனா வரலன்னு ஒருநாளுகூட அயுவல. ஒம்மேல ஒரு கோவம் இல்ல அதுக்கு. எல்லாக் கோவமும் அந்தத் தொர மேலதான். அவன் நாசமா போவணும், அவன் புள்ள சாவணும்னு திட்டிகினே கெடந்தா. சின்னப் புள்ள, அப்பிடிப் பேசாதடின்னேன். கேக்கல."

நாகப்பனின் கை களியிலேயே கிடந்தது.

"வாணம் உட்ட அன்னிக்குக்கூட அதே பேச்சுதான். 'அந்தத் தொர பேரு இன்னாம்மா, பேரு சொல்லித் திட்டுனாத்தான் மாரியாத்தாவுக்குக் கேக்கும்'னா. நான் இன்னான்னு சொல்லுவேன். தெரியாதுன்னேன். நெசமாவே தெரியாது எனக்கு."

அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"இன்னிக்குக் காலைல வரிக்கும் தெரியாமத்தான் இருந்தேன்."