அக்கரைக்கு வந்த தீர்ப்பு

அன்று ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் எதிரி நகரத்துக்குக் கடவுளின் தீர்ப்பு வந்திருக்கிறதாம். தீர்க்கதரிசி கோட்டை வாசலில் சொல்லப் போகிறாராம். அடுத்தவன் வீடு எரியப்போகிறது என்றால் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

ரொட்டிக்காரி வேடிக்கைக்குப் போகவில்லை. அவளுடைய ஒரே மகனை அக்கரைப் படை வெட்டிப் போட்டிருந்தது. அவர்கள் பூண்டோடு அழிவார்கள் என்று காதால் கேட்டால்தான் அவள் மனசு ஆறும். சொல்லப் போகிறவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

தீர்க்கதரிசிகளுக்கு அங்கே ஒரு விதி உண்டு. கடவுள் சொல்லக் கேட்டதைக் கேட்டபடியே சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கோபமாகக் கேட்டதைச் சாந்தமாகச் சொல்லவும் கூடாது. அண்ணன் இதில் படு கறார். வீட்டில் உப்புக் கேட்பதற்கே அளந்துதான் பேசுவார்.

அவர் ஆரம்பித்தார். மதில்கள் விழும், திராட்சைத் தோட்டங்கள் காயும், தெருவில் பிள்ளைகள் மயங்கிக் கிடப்பார்கள். கூட்டம் கைதட்டியது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. வயதை மறந்து தேம்பித் தேம்பி அழுதார். கடைசிச் சொல் வரை அழுகையோடுதான் வந்தது. எதிரிக்கு அழுகிற கிழவனைப் பார் என்று முணுமுணுத்தபடி ஊர் கலைந்தது.

அண்ணன் வீடு திரும்பியதும் ரொட்டிக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என் பையனக் கொன்னவங்களுக்கா அண்ணே அழுத? உன் சொந்த அழுகைய கடவுள் பேச்சுல கலந்துட்டியே."

"கலக்கலம்மா. எனக்கும் அவங்க மேல ஆத்திரந்தான். அவர் அழுதுகிட்டேதான் சொன்னாரு. கேட்டபடியே சொன்னேன்."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர், தாமே அடிக்கப்போகிற ஊருக்காகத் தேம்பியிருக்கிறார்! இடி இடித்தாலே கதவைச் சாத்துகிறவர்கள் நாம். அந்த அழுகையை இந்த ஒல்லி மனிதர் எப்படித்தான் தாங்கினாரோ. தீர்ப்பு மாறுமா என்று கேட்டாள். மாறாது என்று அவர் தலையசைத்தார்.

பிறகு பயந்து பயந்து கேட்டாள்.

"என் பையன் விழுந்த அன்னிக்கு, அவர் உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"வார்த்தை ஒண்ணும் வரல. அழுகைதான் வந்துச்சு, ராத்திரி பகலா. தாய்மாமனான என் சொந்த அழுகைன்னு நெனச்சுட்டேன். இன்னிக்கு வாசல்ல நின்னப்பதான் தெரிஞ்சுது, அந்த அழுகையும் இந்த அழுகையும் ஒரே குரல்."

ரொட்டிக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மகன் போனதிலிருந்து வராத கண்ணீர் அன்றுதான் வந்தது. அவனுக்காக அழத் தொடங்கியவள், அக்கரையில் பிள்ளை பெற்றவளை நினைத்தும் அழுதாள்.