சிவப்புக் கயிறும் மண்வெட்டியின் பின்னூட்டங்களும்

மினாகுச்சிக்குக் காலையிலேயே வாய் கசந்துவிட்டது. ஜப்பானின் தொயாமா ஸ்டேஷனிலிருந்து மாநாட்டுக் கூடத்துக்கு நடந்து வருகிற வழியில் மூன்று இடத்தில் ரோட்டுக்கு ஒட்டுப் போட்டிருந்தார்கள். மூன்றுமே மட்டமான வேலை. நாற்பத்தோரு வருஷம் ரோடு ரோலர் ஓட்டியவர் அதைத் தாண்டிச் சும்மா போய்விட முடியுமா? குனிந்து, முனகிக்கொண்டே போனில் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பது வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு மாதிரி. எங்கே ரோடு பிளக்கிறதோ அதைப் படம் பிடித்து, எதனால் பிளந்தது என்று வலைப்பூவில் எழுதுவார். அந்த வலைப்பூவுக்கு இந்த மாதக் கடைசியோடு ஆயுள் முடிகிறது. நடத்துகிற கம்பெனி கடையைச் சாத்துகிறது. எழுதினதை அள்ளிக்கொண்டு போங்கள் என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அமுக்கிப் பார்த்தார். பதிவெல்லாம் வந்தது. பின்னூட்டம் ஒன்றுகூட வரவில்லை.

அதுதான் வயிற்றெரிச்சல். "மண்வெட்டி" என்ற பெயரில் ஒருத்தன் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வந்து வம்பிழுப்பான். 'ரோலர் ஓட்டினவனுக்குத் தாரைப் பற்றி என்ன தெரியும்' என்பான். அதே கையோடு இன்னொரு பின்னூட்டம் பூட்டுப் போட்டு வரும். அதை மினாகுச்சி மட்டும்தான் திறந்து படிக்கலாம். எந்தத் தெருவில் அடி ஜல்லி பாதிதான் கொட்டினார்கள், எந்தப் பாலத்தில் கம்பி குறைந்தது என்று அதில் இருக்கும். இவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவார். ஒரு தடவைகூடப் பொய்யில்லை. ஆள் ரோடு வேலைக்கு உள்ளேயே இருப்பவன், அது நிச்சயம். பெயர் தெரியாது. போன இலையுதிர்காலத்திலிருந்து சத்தமே இல்லை. செத்தானா, பிடிபட்டானா, அதுவும் தெரியாது.

அவன் எழுதினதையெல்லாம் காணாமல் போக விடுவதில்லை என்றுதான், வலைப்பூக்காரர்களும் இணையதளம் கட்டுகிறவர்களும் கூடுகிற இந்த மாநாட்டுக்கு ரயிலேறினார்.

"நீலமா, சிவப்பா?" என்று வாசலில் ஹிரோசே என்ற பெண் பெயரட்டை மாட்டும் கயிறுகளை நீட்டினாள். "சிவப்புன்னா உங்களை யாரும் படம் எடுத்துப் போட மாட்டாங்க."

"சிவப்பு குடு. கண்டவன் போன்ல என் மூஞ்சி எதுக்கு?"

முதல் பேச்சு இசோபே என்கிற இளைஞனுடையது. 'வாசகரைத் திரும்ப வரவழைப்பது எப்படி.' பல் தெரியச் சிரித்துக்கொண்டே நாற்பது நிமிஷம் பேசினான். முடிந்ததும் மினாகுச்சி கையைத் தூக்கினார். கேள்வியைப் போன் வழியாக அனுப்பச் சொன்னார்கள். அவர் கையை இறக்கவில்லை. கடைசியில் மைக் வந்தது.

"பின்னூட்டத்தை எப்படி எடுத்துட்டுப் போறது?"

"ஏற்றுமதிப் பொத்தான் இருக்குமே, ரெண்டே நிமிஷம்தான்."

"அமுக்கிட்டேன். அதுல வரல."

"ஓ..." இசோபே தலையைச் சாய்த்தான். "உண்மையைச் சொன்னா, இப்பல்லாம் பின்னூட்டத்தை யாருங்க படிக்கிறாங்க?"

கூட்டம் சிரித்தது. மினாகுச்சி உட்கார்ந்தார். நாற்பது நிமிஷமாக வாசகன், வாசகன் என்று உருகினவன், பேசின வாசகனைக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறான்.

அடுத்த பேச்சு, பக்கம் சீக்கிரம் திறப்பது பற்றி. அங்கேயும் கேட்டார். "அது வேற பிரிவுங்க" என்றார்கள். அதற்கடுத்தது எழுத்துருக்களைப் பற்றி. அங்கே கேட்டதற்கு "ரொம்ப நல்ல கேள்வி" என்று குனிந்து வணங்கினார்கள். பதில் மட்டும் வரவில்லை. மதியம் சுஷிப் பெட்டியைத் திறந்து, வணங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஜனங்களைத் திட்டிக்கொண்டே தின்றார்.

ஹிரோசே பக்கத்தில் வந்தாள். "மினாகுச்சி சான், சாயந்திரம் ஐந்து நிமிஷப் பேச்சுகள் இருக்கு. ஒருத்தர் காய்ச்சல்னு வரல. நீங்க பேசுறீங்களா?"

"ஐந்து நிமிஷத்துல என்னத்தப் பேச?"

"ஐந்தாவது நிமிஷம் முடிஞ்சதும் நான் சேகண்டி அடிச்சிடுவேன். அதுக்குள்ள எதை வேணாலும் பேசலாம்."

சரி என்றார். வேறு வழியில்லை.

அவருக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். ஒவ்வொரு தடவை திரை மாறும்போதும் நூறு போன்கள் மேலே எழும்பின. ஒருத்தன் தன் பூனைக்கு இணையதளம் கட்டியதைக் காட்டினான். அதற்கும் நூறு போன்.

மினாகுச்சி மேடையேறினார். திரையில் அவர் வலைப்பூ, மேலே முகவரி பெரிதாக.

"நான் மினாகுச்சி. ரோலர் ஓட்டினவன். இது மாசக் கடைசியில சாகப்போவுது. பின்னூட்டம் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கு, அதைக் காப்பாத்தத் தெரிஞ்சவன் வேணும். முகவரியைப் படம் எடுத்துக்குங்க, தெரிஞ்சவங்க கிட்டயும் கேளுங்க."

எழும்பியிருந்த போன்கள் எல்லாம் கீழே இறங்கின. ஒன்று பாக்கியில்லை. மரியாதையான முகங்கள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"எடுங்கய்யா!"

யாரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் போனைக் கவிழ்த்தே வைத்துவிட்டாள்.

"பூனைக்கு எடுத்தீங்க. ரோட்டுக்கு எடுக்க மாட்டீங்களா? அதே ரோட்டுலதானே வந்தீங்க? நடந்து வர்றப்ப மூணு ஒட்டு பார்த்தேன், மூணும் பனி விழுந்தா பெயர்ந்துரும், அப்ப உங்க வண்டிச் சக்கரம்..."

சேகண்டி ஒலித்தது. கைதட்டினார்கள், எல்லோருக்கும் தட்டினமாதிரியே.

நேராக வாசலுக்குப் போய்ப் பெயரட்டையைக் கழற்றி மேசையில் போட்டார். பின்னாலேயே ஓடிவந்த ஹிரோசேயின் கையில் இன்னும் சேகண்டிக் கோல் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க சிவப்புல்ல? மேடையில இருந்தா திரையும் சேர்த்துத்தான். ஒருத்தர்கூட மீற மாட்டாங்க."

மினாகுச்சி கயிற்றைப் பார்த்தார். காலையில் அவரே கேட்டு வாங்கியது. "நான் எடுக்கச் சொன்னேனே! வாயைத் திறந்து சொன்னேனே!"

"சொன்னீங்க. ஆனா கயிறு சிவப்பு."

மினாகுச்சி சிவப்பை எடுத்துப் பைக்குள் திணித்து, கிளம்பப் பார்த்தபோது இசோபே வந்து நின்றான். காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

"காலையில நான் பேசினது தப்புங்க. உங்க பேச்சு நடக்கும்போதே வலைப்பூவைத் தேடிப் படிச்சேன். முகவரி மனசுல நின்னுது. அந்த மண்வெட்டி... பயங்கரமான ஆளு."

"வாய்தான்."

"பக்கம் பக்கமாப் படிச்சு அள்ளுற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதினா போதும். அரை மணி நேரம். பூட்டுப் போட்ட பின்னூட்டம் ஏதாவது இருக்கா?"

"பாதிக்கு மேல அதுதான்."

"அப்போ உங்க கடவுச்சொல் வேணும். குடுத்தீங்கன்னா இன்னைக்கே வீட்டுல உட்கார்ந்து..."

"முடியாது."

"நான் எதையும் படிக்க மாட்டேன்."

"நீ நல்லவனாவே இரு. அதுல ஒருத்தனோட சோறு இருக்கு. எனக்கே அவன் பேர் தெரியாது. உனக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"

இசோபே வாதாடவில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து அரைமணி நேரம் தட்டினான். பிறகு மடிக்கணினியை மினாகுச்சியின் பக்கம் திருப்பி வைத்து, அவர் கொடுத்த நினைவகக் குச்சியைச் செருகி, நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான். "கடவுச்சொல்லை அடிச்சு, பெரிய பொத்தானை அமுக்குங்க. எல்லாம் உங்க குச்சிக்குத்தான் போகும்."

மினாகுச்சி ஒற்றை விரலால் அடித்தார். இரண்டு தடவை தப்பு. மூன்றாவதில் திறந்தது. திரையில் மண்வெட்டியின் வரிகள் வேகமாக ஓட ஆரம்பித்தன. ஓரத்தில் எண் ஏறியது. நூறு. நூற்றெழுபது.

"எல்லாரும் வாங்க, கூட்டுப் படம்!" என்று ஹிரோசே கத்தினாள். ஜனம் அந்த மூலையைத் தாண்டித்தான் மேடைக்குப் போகவேண்டும். இருநூறு பேர், எல்லார் கையிலும் போன். திரையில் தெருப்பெயர்களும் பாலத்துப் பெயர்களும் அப்பட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. மூடினால் நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம்.

பைக்குள் கையை விட்டார். சிவப்புக் கயிற்றை எடுத்துக் கணினியின் தலையில் தொங்கவிட்டார்.

முதலில் வந்தவன் கயிற்றைக் கண்டதும் போனை இறக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்தவளும் அப்படியே. ஒருவர் பின் ஒருவராக, இருநூறு பேரும் சுவரையும் கூரையையும் தங்கள் செருப்பையும் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள்.

"மினாகுச்சி சான், நான் கூட்டுப் படத்துக்குப் போகட்டுமா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான் இசோபே.

"உட்காரு. ஆயிரம்கூட ஆகல."