கயிறு கட்டி வந்த பீப்பாய்கள்

மலைத் தோட்டங்களிலிருந்து ஒயின் ஏற்றிக்கொண்டு தோரு ஆற்றில் இறங்கும் படகோட்டிகளில் பெல்மீரோவுக்கு நல்ல பெயர். அவன் சுக்கான் பிடித்தால் போர்த்தோ துறைமுகம் வரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது என்பார்கள்.

அந்த மார்ச் மாதம், போர்த்தோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வெள்ளம் படகைப் பாறையில் கொண்டுபோய் மோதியது. அடுக்கியிருந்த பீப்பாய்கள் சரிந்து துடுப்புக்காரன் செஃபெரீனோவை ஓரப்பலகையோடு சேர்த்து நசுக்கின. பெல்மீரோ யோசிக்கவில்லை. கோடரியை எடுத்துக் கட்டுக்கயிறுகளை வெட்டினான். சரக்கு மொத்தமும் தடதடவென்று ஆற்றில் விழுந்தது. செஃபெரீனோ ஒரு கால் முறிந்து, உயிரோடு வெளியே வந்தான்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஈரத் துணியோடு பெல்மீரோ எதிர்க்கரையில் இருந்த முதலாளி அர்னால்தோவின் கிடங்குக்குப் போனான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். முதலாளி குரலை உயர்த்தவில்லை. ஒரு தோட்டத்தின் ஒரு வருஷத்து விளைச்சல் இந்நேரம் கடலுக்குப் போயிருக்கும், இனி படகை வேறு ஆளிடம்தான் கொடுக்கவேண்டும் என்றார்.

தலைகுனிந்து வெளியே வந்தால் ஆற்றில் ஒரே கூச்சல். செஃபெரீனோவின் மனைவி அல்பெர்த்தினா, மத்தி மீன் விற்கிறவள், மீன்காரர்களின் படகுகள் அத்தனையையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு படகின் பின்னாலும் பீப்பாய்கள் கயிற்றில் மிதந்து வந்தன. கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்றுதான் அவற்றை வாய்வரை நிரப்புவதில்லை.

முதலாளியும் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்.

"எல்லாம் இருக்கு மொதலாளி, ஒண்ணத் தவிர," என்றாள் அல்பெர்த்தினா. "அத நாங்க தொறந்துட்டோம். குளுரு தாங்கல."

பிடித்ததை வைத்துக்கொண்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள், ஏன் கொண்டுவந்தீர்கள் என்று அவர் கேட்டார்.

"இந்த அண்ணன் கயித்த வெட்டலேன்னா நான் இன்னிக்கு விதவைக் கறுப்பு உடுத்தியிருப்பேன்," என்றாள்.

முதலாளி பெல்மீரோவின் பக்கம் திரும்பி, படகைச் சீக்கிரம் செப்பனிடச் சொன்னார். அடுத்த சரக்கு காத்திருக்கிறதாம்.

பெல்மீரோ அல்பெர்த்தினாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குமுன் கண்ணைத் துடைக்கவேண்டியிருந்தது.

"அழுவாதீங்கண்ணே," என்றாள் அவள். "ஆத்துல ஏற்கெனவே தண்ணி ஜாஸ்தி."

அவன் சிரித்துக்கொண்டே முழங்கால் நீரில் இறங்கினான். ஒவ்வொரு மீன்காரனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றி சொல்லி, அவரவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டான்.