சீதாலெட்சுமி அப்பாவைக் கூப்பிட்ட இரண்டேகால் வருடம்

சீதாலெட்சுமி ஒருவரிடம் பேச வாயெடுத்து முதல் எழுத்திலேயே திக்கினால், அவள் அந்தச் சொல்லை முடிக்கும் வரை எதிரே இருப்பவரால் இருந்த இடத்தை விட்டு அசைய முடியாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் 1942 மார்ச் மாதம் முதல் இப்படி நடந்தது. பிப்ரவரி கடைசி என்றும் சிலர் சொல்கிறார்கள். ஜப்பான்காரன் வந்து கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த பிறகு தேதிகளைப் பற்றியும் பலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலில் மாட்டியவர் பால்காரர். பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அவள் "பா" என்று தொடங்கியதும் அவருடைய கால்கள் தரையை விட்டு எழவில்லை. கைகள் வேலை செய்தன, வாய் பேசியது, சைக்கிள் மணியைக்கூட அடிக்க முடிந்தது. பதினொரு நிமிடம் கழித்து "பாலு வேணாமாம்" என்று அவள் முடித்ததும் அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். மறுநாள் முதல் பால் பாத்திரத்தைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

அவளுடைய அம்மா வீரம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினாள், தேன் தடவினாள், ஒரு வெள்ளிக்கிழமை கோயில் மணிக்குக் கீழே நிறுத்தி வைத்தாள். பக்கத்து வீட்டார் வேறு வகையில் உதவினார்கள். பிள்ளை "த" என்றால் "தண்ணியா? தட்டா? தாத்தாவா?" என்று ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை யாராவது சொல்லை எடுத்துக் கொடுத்தபோதும் அவள் முதல் எழுத்துக்கே திரும்பிப் போனாள், மாட்டிக்கொண்டவர் இன்னும் கால் மணி நேரம் நின்றார். கடைசியில் குவார்ட்டர்ஸ்காரர்கள் அவளைக் கண்டாலே பின்பக்கக் கால்வாய் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். அந்த வருடம் மழைக்காலம் வரை சீதாலெட்சுமி பெரும்பாலும் மனிதர்களின் முதுகைத்தான் பார்த்தாள்.

இதற்கு வழி கண்டவள் அடுத்த வீட்டு இராஜம்மா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையிடம் மாட்டி, நாற்பது நிமிடம் சொற்களை எடுத்துக் கொடுத்துக் களைத்துப்போய், இனி ஆவது ஆகட்டும் என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஒரு நிமிடத்தில் சொல் வந்தது. அது "இராஜம்மாக்கா" என்ற சொல். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் இராஜம்மா வீட்டுப் பின்கட்டில் ஒரு வகுப்பு நடந்தது. திக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். பாடம் பிள்ளைகளுக்கு என்று நினைத்து வந்தவர்கள், பாடம் தங்களுக்குத்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டும், சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது, அவ்வளவுதான். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த கிஃபாயத்துல்லாவும் அவர் மனைவி ரம்லத்தும் ஏழு வயது மகள் ரசியாவை அழைத்து வந்தார்கள். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே சேலையை விரித்துக் காட்டிப் பழகியவர் அவர். அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, வாயில வெத்தலையப் போட்டுக்குங்க. அப்பயாச்சும் பேசாம இருப்பீங்க" என்றாள் இராஜம்மா.

"வெத்தல போட்டா இன்னும் ஜாஸ்தி பேசுவாருக்கா" என்றாள் ரம்லத்.

வருடக் கடைசியில் பதினொரு குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. பன்னிரண்டாகவும் இருக்கலாம், ஒரு குடும்பம் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

1943 ஜூன் மாதத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை என்று சொன்னார்கள். முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பாததால் அதை யாரும் நம்பவில்லை. ஒரு புதன்கிழமை காலை கண்டிராக்டரிடம் கணக்கெழுதும் கிராணி விஜயன் இரண்டு சிப்பாய்களோடு லோரியில் வந்து முப்பத்தொரு பேரை ஏற்றினார். முப்பத்தோராவது ஆள் சீதாலெட்சுமியின் அப்பா வேலாயுதம். தண்டவாளத்தில் போல்ட் முடுக்கும் வேலை செய்தவர். துணி மூட்டையை மடியில் வைத்து லோரியின் பின்பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். லோரி கிளம்பியது. வாசலிலிருந்து சீதாலெட்சுமி "அ" என்றாள். லோரி போனது, முப்பது பேரும் போனார்கள். வேலாயுதம் மட்டும் மடியில் மூட்டையோடு, உட்கார்ந்தபடியே, ரோட்டுக்கு மேலே நாலரை அடி உயரத்தில் நின்றுபோனார்.

கிராணி லோரியைத் திருப்பிக் கொண்டுவந்தார். சிப்பாய்கள் வேலாயுதத்தைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் குனிந்து அவருக்குக் கீழே பார்த்தான். பிறகு இருவரும் சிகரெட் பிடிக்கப் போனார்கள். விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்ட கிராணி பிள்ளையின் எதிரே வந்து நின்றார்.

"அப்பான்னு சொல்லித் தொலை பிள்ளே, லோரி நிக்குதுலா."

அவள் முதல் எழுத்துக்குத் திரும்பினாள். அவர் மறுபடி "அப்பா, அப்பா" என்றார். அவள் மறுபடி திரும்பினாள். வழக்கப்படி அவரை அடக்க இராஜம்மா வாயைத் திறந்தாள், திறந்த வாயை மூடினாள், பிறகு பிள்ளையைப் பார்த்து, "ஆமாம்மா, ஐயா சொல்றாரில்ல. அப்பான்னு சொல்லு. அப்பா" என்றாள். வீரம்மா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் குவார்ட்டர்ஸ் முழுவதும் "அப்பா, அப்பா" என்று எடுத்துக் கொடுத்தது. இவ்வளவு பேர் உதவி செய்தும் பிள்ளை சொல்லாததைக் கண்டு கிராணி வியர்த்துப்போனார். ரயிலுக்கு நேரமானது. முப்பத்தொரு பேரை ஏற்றியாயிற்று என்று அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அதை அடித்துத் திருத்த அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே தாளின்படி வேலாயுதம் சயாமுக்குப் போய்விட்டார். போனவரைப் பிடிக்க யாருக்கும் உத்தரவு இல்லை.

அதன் பிறகு எடுத்துக் கொடுக்கும் வேலை முறை வைத்து நடந்தது. காலையில் இராஜம்மா, மத்தியானம் வீரம்மா, சாயங்காலம் வகுப்புக் குடும்பங்கள். சொல் பிள்ளையின் வாய் நுனிக்கு வருவது போலத் தெரிந்தால், பக்கத்தில் இருப்பவர் உடனே "அப்பா" என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். கிஃபாயத்துல்லா கிள்ளானிலிருந்து வாரம் இரண்டு நாள் சைக்கிளில் வந்து, வகுப்பில் அடக்கிச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பேசித் தீர்த்தார். வேலாயுதத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள், சுற்றித் தட்டி வைத்தார்கள், மரவள்ளிக்கிழங்கை அவித்து மேலே நீட்டினார்கள். அவருக்குப் பசி, முதுகுவலி, கொசு எல்லாம் இருந்தன. ரோட்டில் போன வண்டிகள் அவரைச் சுற்றிப் போயின. அந்த நாட்களில் சீதாலெட்சுமி வேறு எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. ஒன்று முடியாமல் அடுத்தது வராது. சோறு தின்றாள், தண்ணீர் தூக்கினாள், கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தாள், உடனே யாராவது எடுத்துக் கொடுத்தார்கள். தூங்கும்போதும் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. 1944ல் ரசியா மூன்று மூச்சில் ஒரு வாக்கியம் பேசும் அளவுக்குத் தேறியிருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"அவளுக்கு மட்டும் ஏன் எடுத்துக் குடுக்குறீங்க?"

"அவ அப்பா அங்கன இருக்காரும்மா" என்றாள் வீரம்மா. ரசியா மேலே பார்த்தாள், பிறகு சீதாலெட்சுமியைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் மட்டும் எடுத்துக் கொடுக்காமல் சீதாலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இராஜம்மா தன் முறை வரும்போதெல்லாம் பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் அவள் காதைப் பார்த்தபடி "அப்பா" என்று சொல்லப் பழகினாள்.

1945 செப்டம்பரில் ஜப்பான்காரன் போய்விட்டான். அந்த லோரியில் போன முப்பது பேரில் பின்னால் ஒன்பது பேர்தான் திரும்பி வந்தார்கள். இனி எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று இராஜம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஆனால் இரண்டேகால் வருடப் பழக்கம் விடவில்லை. முதல் நாள் தேங்காய்க்காரர் போகிற போக்கில் "அப்பா சொல்லும்மா" என்றுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் வீரம்மாவே வாய் தவறிச் சொல்லிவிட்டு அழுதாள். மூன்றாம் நாள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தும் சொல் வரவில்லை. இனி வரவே வராதோ என்று குவார்ட்டர்ஸில் யாருக்கும் நிலை கொள்ளவில்லை. இருவர் வேலைக்குப் போகவில்லை. வகுப்பில் சொன்னதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து பழகினார்கள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மூணு மாசத்துக்குன்னுதான் கெளம்புனேன், கூட ஆயிருச்சு" என்றார் வேலாயுதம் மேலேயிருந்து. அவருக்குக் கீழே ஒரு மேஜையைப் போட்டு வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை சீதாலெட்சுமி வாசலில் வந்து நின்றாள். இராஜம்மா அவள் கண்ணைப் பார்த்தாள். சீதாலெட்சுமி "அப்பா" என்றாள். வேலாயுதம் மேஜை மேல் விழுந்தார், மேஜையின் ஒரு கால் உடைந்தது. அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "என்னம்மா?" என்றார்.

"கு" என்றாள் அவள்.

வேலாயுதம் ரோட்டிலேயே உட்கார்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் ஒன்றும் கேட்காமல் இறங்கி, மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினார்.