பாவமன்னிப்பு ஒத்திகை

மார்மன் சபையின் ஊழியத்துக்காக டெல்லி போகவிருந்த பெனிட்டாவுக்கு, துபாய் கராமா அறையிலேயே லேப்டாப்பில் பயிற்சி நடந்தது. பாவமன்னிப்புப் பாடத்தை இந்தியில் நடத்திக் காட்ட வேண்டும். புதிதாகக் கேட்க வந்தவராகச் சபையார் ஒருவர் நடிப்பது வழக்கம். அன்று நடிக்க வந்தவர் ஜெயசீலன். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆராதனைக்கு வந்த அவள் அப்பா செல்லையாவை, "நாத்தம் தாங்கல, பின்னால போய் உக்காருய்யா" என்று எல்லோர் முன்னாலும் விரட்டியவர்.

"என்ன பாவம் செஞ்சீங்க?" என்று இந்தியில் கேட்டாள் பெனிட்டா.

"பொய் சொன்னேன்" என்று சிரித்தார்.

"அது கிடக்கட்டும். ஒரு மனுஷனை நாத்தம்னு விரட்டினீங்களே, அதைச் சொல்லுங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "பயிற்சிதானேம்மா, விடேன்" என்று தமிழில் கெஞ்சினார்.

"பேர் சொல்லி மன்னிப்புக் கேளுங்க."

எல்லாம் நடிப்பென்று நம்பிய, தமிழ் தெரியாத பயிற்சியாளர் திரையில், "அருமை, தொடருங்கள்" என்றார்.

"செல்லையா, மன்னிச்சிடுங்க" என்றார் ஜெயசீலன்.

"கேக்கல அங்கிள், சத்தமா!"