தொண்ணூற்றெட்டுப் பேரின் திருப்தி

அந்த நேரத்தில் அந்த அழகுச் சிகிச்சை கிளினிக்கில் இருந்தவர்கள்: ஊசி வலி தெரியாமலிருக்க முகமெல்லாம் மரத்துப்போகவைக்கும் களிம்பை அப்பிக்கொண்டு, வெள்ளையடித்த சுவர் மாதிரி உட்கார்ந்திருந்த அக்கா, துணைக்கு வந்த தங்கை, கார் ஓட்ட வந்து, வந்த இடத்தில் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான், வரவேற்பு மேஜைப் பெண், கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். உள்ளறையில் டாக்டர், ஊசியோடு.

களிம்பு பிடிக்க அரை மணி நேரம் ஆகும். தங்கைக்கு இருந்த அவகாசமும் அதுதான். ஒரு பத்திரிகையில் விளம்பரங்கள் சொல்வது உண்மையா என்று தோண்டுவது அவள் பிழைப்பு. அதனால்தான் அக்கா அவளை இழுத்து வந்திருந்தாள்.

"அதோ சுவத்துல போட்டிருக்கானே, அது மெய்யான்னு பாத்துச் சொல்லுடி. மெய்னா குத்திக்கிறேன். பொய்னா மூஞ்சியக் கழுவிட்டுக் கிளம்பறேன்."

சுவரில் கொட்டை எழுத்தில் இருந்தது: கன்னத்தை நிரப்பும் ஊசி. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு முழுத் திருப்தி!

அக்காவுக்கு அழகியாகும் ஆசையெல்லாம் கிடையாது. கன்னம் ஒடுங்கிப்போனதிலிருந்து அத்தான் தினமும் காலையில் காப்பியோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏன் உம்முன்னு இருக்க?" அவள் உம்மென்று இல்லை. அவள் முகம்தான் அப்படி இருந்தது. இதைச் சொல்லிச் சொல்லியே கடைசியில் நிஜமாகவே உம்மென்று ஆகிவிட்டாள்.

தங்கை மேஜைக்குப் போனாள். "திருப்தியான்னு எப்பம்மா கேப்பீங்க?"

"ஊசி போட்ட உடனே மேடம். கையில கண்ணாடியைக் குடுத்துட்டு."

"யாரு கேப்பா?"

"டாக்டரேதான்."

"கையில ஊசியோடயா?"

அந்தப் பெண் யோசித்தாள். "சில சமயம் இன்னொரு கன்னம் பாக்கி இருக்கும்."

அக்காவிடமிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. "பாக்கி இருக்கறப்ப எவடி இல்லைன்னு சொல்லுவா?"

"அப்புறம் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா?"

"பிடிக்கலைன்னா அவங்களே வருவாங்களே மேடம். போட்டதைக் கரைக்கற ஊசி இருக்கு. அதைப் போட்டுட்டு அவங்ககிட்டயும் கேப்போம்."

கறுப்புக் கண்ணாடி அம்மாள் குறுக்கே புகுந்தாள். "என்னை ரெண்டு தரம் கேட்டாங்க. ரெண்டு தரமும் திருப்தின்னுதான் சொன்னேன்."

"ரெண்டு தரமா?"

"போட்டப்ப சந்தோஷம். ஒரு கன்னம் மேல, ஒரு கன்னம் கீழன்னு ஆகிப்போய்க் கரைச்சப்ப அதைவிடச் சந்தோஷம். நடுவுல ஏழு மாசம் இருந்துச்சு பாருங்க, அப்பக் கேட்டிருந்தா டாக்டர் காதுல ரத்தம் வந்திருக்கும். ஒரு ஆளும் கேக்கலை."

தங்கைக்குத் தலை சுற்றியது. நிரப்பினாலும் ஒரு திருப்தி, நிரப்பியதைக் கரைத்தாலும் ஒரு திருப்தி! நொந்துபோனவளை இரண்டு பேராக எண்ணிச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். மீதி இரண்டு பேர் எப்படித்தான் தப்பினார்களோ!

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். களிம்பு பாளம் பாளமாக வெடித்தது. "அடியே, மூஞ்சி மரத்துப்போச்சு. நான் சிரிக்கிறேனா?"

"சிரிக்கற, சிரிக்கற. களிம்பு உதிராம சிரி."

"நீங்க இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?" என்று அந்த அம்மாளைக் கேட்டாள் தங்கை.

"மறுபடி போட்டுக்கத்தான். வீட்டுல திரும்பவும் 'ஏன் சோர்வா இருக்க'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க."

அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் அத்தான் நின்ற சுவர்க் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க! இங்க பாருங்க. என் மூஞ்சி எப்படி இருக்கு?"

அத்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். வெடித்து உதிரும் களிம்பையும் அதற்குள் உருளும் இரண்டு கண்களையும் பார்த்தார். "ந... நல்லாத்தானே இருக்கு? ரொம்ப நல்லா இருக்கு!"

"பாத்தியாடி? தொண்ணூத்தி ஒம்பதாவது ஆளு. கேக்கறவ கையில ஊசி இருந்தா எல்லாருக்கும் திருப்திதான்."

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரவேற்புப் பெண் மேஜைக்கு அடியில் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது. "ரெடியா? வரலாமே!"

அக்கா துண்டால் முகத்தை ஒரே வழிப்பாக வழித்துப் போட்டாள். உள்ளே இருந்தது அதே ஒடுங்கின கன்னம்தான். ஆனால் உம்மென்று இல்லை.

"என்னங்க, கண்ணுக்குக் கீழ இருக்கற அந்தப் பைய அரை மணியா அமுக்கிக்கிட்டு இருக்கீங்களே. உள்ள போய்க் கேட்டுத்தான் பாருங்களேன்."

"நானா? சும்மா... கேக்கறதுல என்ன இருக்கு?" அத்தான் தலைமுடியைக் கோதிக்கொண்டார். "போடறதுன்னா வலிக்குமா?"

"தொண்ணூத்தெட்டு பேருக்கு வலிக்கலையாம்."

அவர் உள்ளே கால் வைத்தார். "வாங்க சார், உக்காருங்க" என்றது டாக்டரின் குரல், புது உற்சாகத்தோடு. அக்கா கதவை இழுத்துச் சாத்தி, அதில் தொங்கிய சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.