சுடுமல்லி மாலை

முத்தியால்பேட்டையில் சுவர் போஸ்டர் தின்னாத மாடு என்னுடைய செவலை ஒன்றுதான். தெருவில் அலையும் மாடுகளைக் கண்டால் அவற்றின் சொந்தக்காரர்களை நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். நான் வேலைபார்த்த மில்லை மூடியபின் எனக்கு மிஞ்சிய வீறாப்பு அது ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த காலிமனையில், மனைக்காரர் சம்மதத்தோடு, தீவனச் சோளம் போட்டு அவளை வளர்த்தேன்.

போன மார்கழியில் மனையின் ஒரு மூலையில், சோளத்துக்கு நடுவே, சாண் உயரச் செடி ஒன்று வெள்ளையாகப் பூத்தது. அதன் பேர் எனக்கும் தெரியாது, என் மனைவி அஞ்சலாட்சிக்கும் தெரியாது.

"வெதைக்காமலே பூத்திருக்கு, நல்ல சகுனம்யா" என்றாள்.

நானும் நம்பினேன். மாட்டுப்பொங்கலன்று அதையே கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, மாலை கட்டிச் செவலைக்குப் போட்டோம். முற்றிய காய்களிலிருந்து மூக்குப்பொடி மாதிரி ஏதோ உதிர்ந்தது. பாதி மாலையை அவளே தின்றாள். மீதியை, சாமியாகக் கும்பிட்ட மாட்டின் மாலை காலில் மிதிபடக் கூடாதென்று, எருக்குழியில் போட்டேன். ஆடியில் அந்த எருவை மனை முழுக்க ஒரு அடி விடாமல் இறைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

புரட்டாசியில் சோளம் முழங்காலைத் தாண்டவில்லை. மண்ணில் ஈரம் இருக்கும்போதே வாடியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சினேன், யூரியாவும் போட்டேன். வெள்ளைப் பூதான் மனை முழுக்கச் செழித்தது.

உழவர் உதவியகத்தில் போய்ச் சொன்னேன். துர்கா என்கிற அதிகாரி வந்தார். பூவைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கியது. அஞ்சலாட்சியிடம் தோசைத்திருப்பியை வாங்கி மண்ணை மெல்ல விலக்கிக் காட்டினார். அந்தச் செடியின் வேர் சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது சுடுமல்லிங்க. சோளத்த உறிஞ்சுற களை."

"எலை பச்சையாத்தானே இருக்கு? வெயில்ல அதுவா பொழச்சுக்காதா?" என்றேன்.

"எலைங்கிற அடுப்பு அதோடதுதாங்க. அரிசியும் தண்ணியும் பக்கத்து வூட்டுது. இது மண்ணுக்கு மேல வர்றதுக்குள்ள சோளத்துக்குப் பாதி உசுரு போயிடும்."

மாலை கட்டியதைச் சொன்னேன். அவர் தோசைத்திருப்பியைக் கீழே வைத்தார்.

"மாட்டு வயித்துக்குப் போனாலும் அந்த வெதை சாவாதுங்க. சாணியில வந்துடும். மண்ணுல பத்துப் பதினஞ்சு வருஷம் கெடக்கும். சோளம், கம்பு எது போட்டாலும் எழுந்துக்கும். பருத்தி போட்டா இந்த வெதை மொளச்சு, பருத்தி வேர்ல ஒட்ட முடியாம செத்துப்போவும். அதுக்கும் வருஷக்கணக்கா ஆவும்."

பருத்தியா! அதை நம்பித்தான் இருபது வருஷம் மில்லில் பஞ்சைத் தின்றேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பருத்தி மண்ணைத் தேற்றும்வரை செவலை எதைத் தின்பாள்? வைக்கோலை விலைக்கு வாங்கிப் போட எனக்கு வக்கில்லை.

அவளாவது நல்ல இடத்துக்குப் போகட்டும் என்று விற்கத் துணிந்தேன். வில்லியனூர்ப் பக்கமிருந்து சுப்பராயன் என்பவர் புதுக்கயிறோடு வந்தார். வாங்குபவர் கயிற்றில்தான் மாடு போகவேண்டும், நம் கயிறு நம் வீட்டிலேயே நிற்கும். புதுக்கயிறு மாட்டியும் ஆயிற்று.

வாசலைத் தாண்டும்போது அவர் செவலையைத் தட்டிக்கொடுத்தார். "நாலு காணி சோளம் நிக்குது. இனிமே ஒனக்கு என்னாடி கவலை?"

அன்று காலையில்கூட அவள் அந்தச் செடியைத் தின்றிருந்தாள். சொல்லாதே என்று அஞ்சலாட்சி கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லிவிட்டேன்.

"பத்து நாளைக்கு இது சாணிய நெலத்துல போட்டுடாதீங்க."

"ஏன், மாட்டுக்கு சீக்கா?"

சீக்கு இல்லை, விதைதான் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் வருவதாகச் சொன்ன இன்னொருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள், இருந்த சோளமும் தீர்ந்தது. விடிந்ததிலிருந்து செவலை கத்தினாள்.

"அவுத்து வுடுய்யா. வாயில்லா ஜீவன், எம்மா நேரம் கத்தும்?" என்றாள் அஞ்சலாட்சி.

அவிழ்த்துவிட்டேன். அவளுக்குத் தெருப் பழக்கமில்லை. எதிர்ச்சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று இருந்தது. அதை நக்கிப் பார்த்தாள், கிழிக்கத் தெரியவில்லை. திரும்பி என்னையே பார்த்தாள்.

நான் போய் ஒரு மூலையைக் கிழித்து அவள் வாயில் கொடுத்தேன்.